ஐந்து வருஷம் வரும் என்று காட்டிய கை

என் அக்காவிடம் நான் சொன்ன பெரிய பொய் வாயால் சொன்னதல்ல, கையால் காட்டியது. அவளுக்குக் காது கேட்காது. மூன்று வயதில் வந்த விஷக்காய்ச்சல் போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நான் அவளைவிட நான்கு வயது சின்னவன். அவள் கேட்டுப் பேசிய காலம் எதுவும் எனக்குத் தெரியாது. வாயால் பேசப் பழகியபோதே அவளோடு கையால் பேசவும் பழகிவிட்டேன். அவள் சில வருஷம் படித்த காது கேளாதோர் பள்ளியின் சைகை கொஞ்சம், வீட்டில் நாங்களே உண்டாக்கிக்கொண்டது மிச்சம் என்று அது ஒரு கலவை.

அந்தக் கலவையில் எண்ணுக்கு மட்டும் குழப்பமே கிடையாது. உதட்டசைவை அவள் முழுசாக நம்ப மாட்டாள். பணம் என்றாலும் மணம் என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். விரல் அப்படி இல்லை. மூன்று என்றால் மூன்று. நான் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் அப்ரண்டிஸாக இருந்தபோது, ஒவ்வொரு முறை வீட்டிலிருந்து கிளம்பும்போதும் எத்தனை நாளில் வருவாய் என்று கேட்பாள். நான் விரலைக் காட்டுவேன். அந்த நாளன்று பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பாள். ஒருமுறை ஆறு விரல் காட்டிவிட்டுப் போய் அங்கே காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஆறாவது நாள் அவள் வந்து நிற்பாளே என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு யோக்கியதை இருந்திருக்கிறது.

இப்போது நான் கடலூரில் இருக்கிறேன், அக்கா சிதம்பரத்தில். கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். அவள் கணவர், என் மாமா, சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். அவருக்குக் காது கேட்கும். ஒரே மகள். அவளுக்கும் நன்றாகக் கேட்கும், ஆனால் அவளுடைய முதல் பேச்சு கைப்பேச்சுதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அக்கா இருக்கும் இடத்தில் யாரும் வாயால் மட்டும் பேசக்கூடாது. பேசுகிற எதையும் கையாலும் சேர்த்தே சொல்ல வேண்டும், அது அரிசி விலையாக இருந்தாலும் சரி, அடுத்த தெரு சண்டையாக இருந்தாலும் சரி. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போட்ட சட்டம் அது. தன் அம்மாவுக்கு எதிரில் இரண்டு பேர் வெறுமே உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பொறுக்காது. டிவி சீரியலைக்கூட அம்மாவுக்குக் கையால் ஒலிபரப்புவாள். வில்லிக்கு வரும்போது முகத்தையும் சேர்த்து நடித்துக் காட்டுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். அக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மெசேஜ் அனுப்பி மகளோடு குடும்பம் நடத்த முடியாது. மாமாவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் அக்கா தைத்துச் சேர்த்த பணத்தை என்னிடம் கொடுத்து, வீடியோ கால் பேசுகிற மாதிரி ஒரு போன் வாங்கி வரச் சொன்னாள். அவள் கேட்டது இரண்டே விஷயம். மகளின் விரல்கள் தெளிவாகத் தெரிகிற அளவுக்குத் திரை பெரிதாக இருக்க வேண்டும். ரொம்ப நாள் வர வேண்டும்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. செம்மங்குப்பம் பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. எந்த மெஷினில் எந்த வெர்ஷன் ஓடுகிறது, அதற்கு எந்த மாதம் வரை அப்டேட் வரும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்குள் முடியப் போகிற மெஷின்களுக்குச் சிவப்பு நிறம். மேனேஜர் அறைக்குள் போய் அந்தச் சிவப்பைக் காட்டிப் பிரசங்கம் செய்வதில் எனக்கு ஒரு தனி சுகம் உண்டு.

அந்தப் பிரசங்கம் இப்படிப் போகும். கம்ப்யூட்டரோ போனோ, அதை உள்ளேயிருந்து நடத்துகிற மென்பொருளுக்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஓர் ஆயுள் உண்டு. ஆயுள் இருக்கும்வரை அதைச் செய்தவர்கள் ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைத்துக்கொண்டே இருப்பார்கள், மாதாமாதம் அப்டேட் வரும். ஆயுள் முடிந்த மறுநாள் மெஷின் நின்றுவிடாது சார். அதுதான் இதிலே இருக்கிற சூது. விளக்கு எரியும், பட்டன் அமுங்கும், எல்லாம் நேற்று போலவே இருக்கும். ஆனால் அதைத் திரும்பிப் பார்க்க உலகத்தில் ஒருத்தரும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அதற்குள் ஓடுகிற ஒவ்வொரு ஆப்பும், உன் எண் பழசு, உனக்கு நான் வர மாட்டேன் என்று கழன்றுகொள்ளும்.

எங்கள் லேபில் அப்படி ஒரு மெஷின் இருக்கிறது. பழைய சோதனைக் கருவி ஒன்று அதோடு மட்டும்தான் பேசும் என்பதால் மாற்ற முடியவில்லை. இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, 'இதில் வயர் செருகாதே' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். யாராவது அந்தத் தாளைக் கிழித்தால் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

இவ்வளவு தெரிந்தவன்தான் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்கு அக்காவின் பணத்தோடு போனேன்.

கடைக்காரர் ஒரு பெரிய திரை போனை எடுத்து வைத்தார். "பன்னெண்டு சார், புது வெர்ஷன்" என்றார். நான் செட்டிங்ஸைத் திறந்து 'போனைப் பற்றி' என்ற பக்கத்துக்குப் போனேன். அங்கே இரண்டு எண் இருக்கும். பன்னிரண்டு என்பது அந்த போன் கம்பெனி மேலே பூசிக்கொண்ட தன்னுடைய எண். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், ஆண்ட்ராய்டு ஒன்பது. கணக்கில் வருவது கீழே இருக்கிற எண்தான். மேலே இருப்பது பழைய வீட்டுக்கு அடித்த புது வெள்ளை.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஆயுளை நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ண மாட்டார்கள், அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். அந்தப் பெட்டி பிரிக்காமல் பளபளவென்று இருந்தது, ஆனால் மாடல் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. தேங்கிப்போன சரக்கு. அப்டேட் இன்னும் ஒரு வருஷம்கூட வராது. இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

பக்கத்திலேயே நிஜமாகவே புது வெர்ஷனில் இன்னொரு போன் இருந்தது. விலை கொஞ்சம் ஜாஸ்தி. என் கையிலிருந்து போட்டிருக்கலாம். அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு ஒன்று வாங்கியிருந்தேன், நான்கு இடத்தில் விசாரித்து, சப்போர்ட் எந்த வருஷம்வரை என்று பார்த்துப் பார்த்து. கடைக்காரர் என் முகத்தைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. அந்தப் பெரிய திரை போனோடு ஒரு ஹெட்செட் இலவசம் என்றார்.

காது கேட்காதவளுக்கு வாங்கும் போனுக்கு ஹெட்செட் இலவசம். அவளுக்கு அது எதற்கு? நான்தான் எடுத்துக்கொண்டேன். அதற்காகத்தான் அந்த போனை வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். அதற்காக இல்லவே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று அக்கா போனை இரண்டு கையாலும் வாங்கினாள். திரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, எத்தனை வருஷம் வரும் என்று கேட்டாள். ஒரு கணம்தான் யோசித்தேன். யோசித்தேன் என்பதே ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் இது வாய் தவறி வந்த பேச்சு என்று என்னால் பூசி மெழுக முடியவில்லை. கையை விரித்து ஐந்து விரலையும் காட்டினேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். மறுபடி கேட்கவில்லை. விரல் காட்டிய பிறகு அவள் மறுபடி கேட்கிற வழக்கம் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ராத்திரி எட்டு மணிக்கு அக்கா முன்னறையில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்காருவாள். நிழல் கையில் விழக்கூடாது என்பதற்காக அந்த இடம். போனை மெஷின் மேல் நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைப்பாள். ஓசூரில் மகள் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து இருப்பாள். ஒரு மணி நேரம் சத்தமே இல்லாமல் அரட்டை நடக்கும். நான் போயிருக்கிற நாட்களில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாமா சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஒரு பொங்கலுக்குப் போனபோது அந்த போனின் செட்டிங்ஸைச் சும்மா திறந்து பார்த்தேன். கடைசி அப்டேட் வந்து பல மாதமாகியிருந்தது. நான் கணக்குப் போட்ட மாதத்திலேயே நின்றிருந்தது. மூடிவிட்டு, பொங்கல் நன்றாக இருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். என் ஆபீஸ் பட்டியலில் அந்த போன் இருந்திருந்தால் சிவப்பு அடித்திருப்பேன்.

இந்த வருஷம் அக்காவிடமிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. அவள் போன் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் நாலு வரி. இந்த ஆப் இன்னும் சில வாரங்களில் உங்கள் போனில் வேலை செய்யாது, பழைய வெர்ஷன் என்று. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, இது என்ன என்று என்னைக் கேட்கிறாள். நான் அப்போது கேன்டீனில் இருந்தேன். பதிலுக்கு ஒரு கட்டை விரலை அனுப்பினேன். எல்லாம் சரி, ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அவள் தினமும் அந்த அறிவிப்பு வரும்போதெல்லாம் ஓரத்தில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடிக்கொண்டே இருந்திருக்கிறாள், தம்பி சொல்லிவிட்டானே என்று.

ஆனித் திருமஞ்சனத் தேருக்கு மகள் வர வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அவளுக்காக ஒரு சுடிதாருக்குத் துணி எடுத்து வெட்டியும் வைத்திருந்தாள். லீவு கிடைக்காது என்று மகள் சொல்லிவிட்டாள். இருவருக்கும் சண்டை. அக்கா கோபத்தில், நீ இனிமேல் வரவே வேண்டாம் என்று கையை உதறிவிட்டு வீடியோ காலை அணைத்துவிட்டாள். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் எட்டு மணிக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஆப்பைத் திறந்தால், ஒரே ஒரு வெள்ளைப் பக்கம். அப்டேட் என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால், உங்கள் கருவிக்குப் பொருந்தாது என்று இன்னொரு பக்கம்.

போன் கெட்டுப் போகவில்லை. போட்டோ எடுக்கிறது, படம் ஓடுகிறது, டார்ச் எரிகிறது. மகள் மட்டும் வரவில்லை. அக்கா என்ன நினைப்பாள்? மகள் போனில் தன்னைத் தடுத்துவிட்டாள் என்று நினைத்தாள். அப்படி ஒருத்தரை வராமல் தடுத்து வைக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை அவளுக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள்.

மகள் தன் அப்பாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு, அம்மாவைப் பக்கத்து வீட்டு போனில் வரச் சொல்லு என்றிருக்கிறாள். மாமாவும் தனக்குத் தெரிந்த மட்டும், ஆப்தான் ரிப்பேர், அவளுக்குக் கோபம் இல்லை என்று கையால் சொல்லிப் பார்த்திருக்கிறார். அக்கா போனை எடுத்து அவரையே ஒரு போட்டோ பிடித்து அவரிடமே காட்டியிருக்கிறாள். ரிப்பேர் என்றால் இது எப்படி வந்தது? மகளுக்காகப் பொய் சொல்கிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக்குப் போக மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

மகள் எனக்கும் கூப்பிட்டாள். "மாமா, அம்மா போன் என்னாச்சுன்னு ஒரு தடவ போய்ப் பாருங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? சர்வரில் ஏதோ பிரச்சனை, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்றேன். அவள் என்னை நம்பினாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்த மாமா சொன்னால் அப்பீல் கிடையாது. இல்லாவிட்டால் அந்த வாரமே ஒரு புது போன் வாங்கி அனுப்பியிருப்பாள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் ஒன்றும் சீமை இல்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து வாரம் போகவில்லை. கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களையெல்லாம் மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அவற்றின் ஆயுள் முடியப் போகிறது, ஒரு மெஷினைக்கூட நாள் தவறி ஓட விட மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமையும் போய் உட்கார்ந்தேன். உன்னைப் போல ஆள் வேண்டும் என்று மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கு அது சப்பைக்கட்டு என்று தெரியும். சிதம்பரம் போனால் அந்தத் திரையை அக்காவுக்கு விளக்க வேண்டும். விளக்கினால் அவள் ஐந்து விரலைக் காட்டுவாள். அதற்குப் பயந்துதான் மெஷின்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருந்தேன்.

தேர் வந்து போனது. அதற்கு அடுத்த வாரம் மாமா கூப்பிட்டார். அவர் அவ்வளவாகப் பேச மாட்டார்.

"மச்சான், ஒங்க அக்கா தெனம் எட்டு மணிக்கு லைட்டுக்குக் கீழ சேர போட்டுக்கினு ஒக்காந்துக்குறா. கைல போனு கூட இல்ல. சும்மா கைய மடியில வச்சிக்கினு ஒக்காந்துட்டு, ஒம்போது மணிக்கு எழுந்து போறா. எனக்குப் பாக்க முடியல."

நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். இந்த முறை போனேன்.

காலையில் நான் உள்ளே நுழைந்தபோது அக்கா மெஷினில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தைத்துக்கொண்டே இருந்தாள். இளைத்திருந்தாள். போன் எங்கே என்று கேட்டேன். மெஷின் இழுப்பறையைக் காலால் காட்டினாள். பொத்தானுக்கும் கொக்கிக்கும் நடுவில் போன் கிடந்தது. அதற்குக் கீழே, வெட்டிய சுடிதார் துணி தைக்காமல் மடித்து வைத்திருந்தது. போனைத் திறந்தேன். சார்ஜ் நூறு காட்டியது. தொடவே மாட்டேன் என்று இழுப்பறையில் போட்டவள் தினமும் சார்ஜ் மட்டும் ஏற்றியிருக்கிறாள்.

எனக்கு எதையும் விளக்க வாய் வரவில்லை, கையும் வரவில்லை. முதலில் என் போனிலிருந்து மகளை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் முகம் வந்ததும் அக்காவின் முன்னால் நீட்டினேன்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கண்ணை மட்டும் திருப்பினாள். மகள் இரண்டு கையாலும் படபடவென்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கோபப்படவில்லை, நான் தடுக்கவில்லை, தினமும் எட்டு மணிக்குப் படியில் உட்கார்ந்து நானும் அடித்துப் பார்த்தேன் என்று. அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு கையில் போன், ஒரு கையால் பேச்சு. அது பாதிப் பேச்சு. நான் போனை வாங்கி, நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்தேன். அதற்கப்புறம் இருவரும் அழுதுகொண்டே பேசினார்கள். அழுகை வந்தால் வாயால் பேசுகிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும். இவர்களுக்குக் கண்ணைத் துடைக்கக் கை வேண்டும், பேசவும் அதே கை வேண்டும். துடைக்காமலே பேசினார்கள்.

நான் நைஸாகக் கழன்றுகொள்ளலாம் என்று வாசல் பக்கம் நகர்ந்தேன். அப்போது மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, சர்வர் ப்ராப்ளம்னு சொன்னீங்களே. ஒங்க போன்ல நல்லாத்தான வருது?"

வாயால் கேட்டதைக் கையாலும் கேட்டாள். அந்த வீட்டுச் சட்டப்படி. அக்கா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

நான், அது வந்து, என்று உதட்டை அசைத்தேன். அக்கா எழுந்து வந்து என் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினாள். கையால் சொல் என்று அர்த்தம்.

வெர்ஷன் என்பதற்கு எங்கள் சைகையில் எதுவும் இல்லை. சப்போர்ட் முடிந்தது என்பதற்கும் இல்லை. சுற்றிப் பார்த்தபோது அவளுடைய அளவு நோட்டு கண்ணில் பட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். பெயர் எழுத மாட்டாள், அடையாளம் வரைந்திருப்பாள். ஒருத்திக்கு மூக்குக் கண்ணாடி, ஒருத்திக்குப் பூ, ஒருத்திக்குக் கன்னத்து மச்சம். அந்த அளவுகளை வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக எடுப்பாள். பழைய அளவில் தைத்துக் கொடு என்று யார் சொன்னாலும் மாட்டாள்.

ஒரு பக்கத்தைத் திறந்து, இந்த போன்தான் இந்தப் பெண் என்றேன். போனைத் தயாரித்த கம்பெனிக்காரன்தான் டைலர், மாதாமாதம் வந்து அளவு எடுத்து உடம்பைச் சரிபார்த்துப் போவான். ஒரு நாள் அவன் வருவதை நிறுத்திவிட்டான். அளவு அப்படியே நின்றுபோனது. வீடியோ ஆப் இருக்கிறதே, அது ரவிக்கை. வருஷா வருஷம் புதுசாகத் தைக்கிறார்கள், புது அளவுக்கு மட்டும் தைக்கிறார்கள். இதற்கு இனிமேல் அது பொருந்தாது. போன் சாகவில்லை. அளவெடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் அது சங்கடமாக இருந்தது. ஐந்து வாரமாக எப்படிச் சொல்வது என்று நான் பயந்தது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அவள் அடுத்துக் கேட்டது, டைலர் எப்போது வருவதை நிறுத்தினான்? வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் என்றேன். அது உனக்கு எப்போது தெரியும்?

திரையில் மகள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வாசலில் வண்டியைத் துடைக்கிற துணியோடு நின்றிருந்தார். பொங்கலன்று தெரியும் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. நான் பெட்டியைத் திறப்பதுபோல் காட்டினேன். வாங்கிய அன்றைக்கே.

அவள் கத்தவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், அதுவும் வரவில்லை. தன் வலது கையை விரித்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஐந்து விரல். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்கள். நான் அந்தக் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக நான்கை மடக்கினேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, மடக்க விட்டாள். மிச்சம் நின்ற ஒற்றை விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மத்தியானம் எனக்கு மீன்குழம்பு ஊற்றினாள், இரண்டாவது தரமும் கேட்டு ஊற்றினாள். சாயங்காலம் கிளம்பும்போது என் போனை அவளிடமே கொடுத்துவிட்டு, அவளுடைய போனில் என் சிம்மைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் அதை வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆப்பாக என்னிடமும் வர மாட்டேன் என்றது. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, வெட்கக்கேடான திருப்தி. ஹெட்செட்டை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். அதைப் பற்றி மட்டும் இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு புது போனோடு போனேன். இந்த முறை என் பணம், என் முழுக் கவனம். கீழே இருக்கிற எண்ணைப் பார்த்தேன், மாடல் வந்த மாதத்தைப் பார்த்தேன், எத்தனை வருஷம் அப்டேட் என்று அந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்ததைப் பார்த்தேன். வந்த மாதத்திலிருந்து எண்ணி, கழித்து, ஆறு வருஷம் என்று சுத்தமாக வந்தது. அக்கா போனை இரண்டு கையாலும் வாங்கி, நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்து மகளைக் கூப்பிட்டாள். அந்தச் சுடிதார் தைத்து முடித்து ஆணியில் தொங்கியது. அதைத் தூக்கிக் காட்டினாள். மகள் கழுத்து இன்னும் கொஞ்சம் இறக்கமாக இருக்கலாம் என்றாள், அக்கா அதெல்லாம் முடியாது என்றாள்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எத்தனை வருஷம் வரும் என்று அவள் கேட்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே அவள் தோளைத் தொட்டு, போனைக் காட்டி, ஆறு விரலைக் காட்டினேன். ஒரு கை முழுக்க, இன்னொரு கையில் ஒன்று. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் விரலை எண்ணியதே இல்லை.

அக்கா என் விரல்களைப் பார்த்தாள். மரியாதைக்குத் தலையாட்டினாள். பிறகு திரைப் பக்கம் திரும்பி, மகளிடம் கேட்டாள், இவன் ஆறு என்கிறான், நீ ஒருமுறை பார்த்துச் சொல்.